பொணம் எந்திரிச்சு போற கொலை நாடகம்: லண்டன் டச்சஸ் தியேட்டர்ல 'தி ப்ளே தட் கோஸ் ராங்'

அம்மா ஆறு வாரம் எங்களோட இருக்க லண்டன் வந்திருந்தாங்க. அவங்களுக்கு இங்கிலீஷ் போர்டு படிக்கிற அளவுக்கு தெரியும், ஆனா வெள்ளைக்காரங்க வேகமா பேசினா பிடிபடாது, அதனால ஒரு இங்கிலீஷ் நாடகத்துக்கு ரெண்டரை மணி நேரம் உக்கார வைக்கலாமா வேணாமான்னு எனக்கு ஒரே யோசனை. கடைசில ஒரு வாரத்துலயே ரெண்டு நாடகம் பார்த்துட்டோம். முதல்ல செயின்ட் மார்ட்டின்ஸ் தியேட்டர்ல 'தி மவுஸ்ட்ராப்'ங்கற கொலை நாடகம், ரெண்டு நாள் கழிச்சு கேத்தரின் ஸ்ட்ரீட்ல இருக்குற டச்சஸ் தியேட்டர்ல 'தி ப்ளே தட் கோஸ் ராங்'. ரெண்டையும் இந்த வரிசைலதான் பார்க்கணும்னு இப்ப யார் கேட்டாலும் சொல்லிட்டு இருக்கேன், ஏன்னு கீழ சொல்றேன்.

முதல்ல கதை என்னன்னு சொல்லிடறேன், கொலையாளி யாருன்னு சொல்ல மாட்டேன் பயப்படாதீங்க. கார்ன்லின்னு ஒரு காலேஜ் நாடகக் குழு (எல்லாம் கற்பனை). அவங்க 'தி மர்டர் அட் ஹாவர்ஷம் மேனர்'னு 1920கள்ல நடக்குற ஒரு கொலை நாடகத்தை போடறாங்க. பெரிய பண்ணை வீடு, வெளிய பனி, நிச்சயதார்த்த ராத்திரி, மாப்பிள்ளை சார்ல்ஸ் ஹாவர்ஷம் சோபால செத்து கிடக்கார், இன்ஸ்பெக்டர் வர்றார், கல்யாணப் பொண்ணு, அவ அண்ணன், செத்தவரோட தம்பி, பட்லர், தோட்டக்காரர்னு எல்லார் மேலயும் சந்தேகம். அந்த நாடகத்துல ஒண்ணு விடாம எல்லாமே தப்பா போகுது. அவ்ளோதான். ரெண்டு மணி நேரமும் அதுதான்.

இத ஒரு வரில சொன்னா 'அட இவ்ளோதானா'ன்னு தோணும், எனக்கும் டிக்கெட் போடும்போது அப்படித்தான் தோணுச்சு. ஆனா ஏன் கொலைக் கதைய எடுத்தாங்கங்கறதுலதான் இருக்கு இந்த நாடகத்தோட மூளை. இங்கிலீஷ் பங்களா கொலைக் கதைன்னா அது முழுக்க சாமான்கள வெச்சு ஓடற கதைங்க. விஷம் கலந்த கிளாஸ், பூட்டின கதவோட சாவி, பாதி எரிஞ்ச லெட்டர், நின்னு போன கடிகாரம், டைரி, துப்பாக்கி. யார் எத்தனை மணிக்கு எந்த ரூம்ல இருந்தாங்க, கதவு உள்பக்கம் பூட்டியிருந்ததா வெளிப்பக்கமா, எல்லாம் ஒழுங்கா இருந்தாதான் கதையே நிக்கும். ரொனால்ட் நாக்ஸ்னு ஒரு பாதிரியார், அவரே துப்பறியும் கதை எழுதினவர், 1929ல இந்த மாதிரி கதைகளுக்கு பத்து விதி எழுதி வெச்சார், ரகசிய அறையோ ரகசிய வழியோ ஒண்ணுக்கு மேல கூடாது, துப்பறியறவருக்கு கிடைக்கிற தடயத்த உடனே வாசகருக்கும் காட்டிடணும்னு. அந்த அளவுக்கு கறாரான கதை வகை இது. ஒரு காதல் நாடகத்துல மேஜை மேல இருக்க வேண்டிய பூந்தொட்டி காணாம போனா ஒண்ணும் ஆகாது, நடிகர் சமாளிச்சுட்டு போயிடுவார். கொலை நாடகத்துல கணக்குப் புத்தகம் காணாம போனா கதையே அங்கேயே நின்னுடும், ஏன்னா அடுத்த வசனமே அந்தப் புத்தகத்துல என்ன எழுதியிருக்குங்கறதுதான்.

அந்த கணக்குப் புத்தக சீன் இருக்கே. இன்ஸ்பெக்டரா நடிக்கிறவர் அதை தேடறார், அது இருக்க வேண்டிய எடத்துல இல்ல, அவர் கண்ணுக்கு தெரியல, ஆனா நமக்கு தெரியுது. ஆடியன்ஸ்ல ஒருத்தர் மெதுவா சொல்றார், அப்புறம் பத்து பேர், அப்புறம் தியேட்டரே கத்துது 'அங்க இருக்கு அங்க இருக்கு'ன்னு. அவர் நாடகத்த விட்டு வெளிய வந்து நம்மகிட்ட சண்டைக்கு வர்றார், இது சீரியஸான நாடகம், சிரிக்காதீங்கன்னு. அவர் கோவம் ஏற ஏற நமக்கு சிரிப்பு ஏறுது, கூடவே அந்த ஆள் மேல ஒரு பரிதாபமும் வருது, பாவம் எத்தனை மாசம் ஒத்திகை பார்த்திருப்பார். எனக்கு கண்ணுல தண்ணி வந்துருச்சு, பக்கத்துல அம்மா தமிழ்லயே 'கீழ பாருய்யா கீழ'ன்னு கத்திட்டு இருந்தாங்க.

மவுஸ்ட்ராப்ப முதல்ல பார்த்தது இங்கதான் உதவிச்சு. அது 1952ல ஆரம்பிச்ச நாடகம், 1974ல பக்கத்து அம்பாசடர்ஸ் தியேட்டர்ல இருந்து செயின்ட் மார்ட்டின்ஸுக்கு மாத்தினாங்க, நடுவுல கொரோனாவுக்கு மூடினாங்க, மத்தபடி இன்னிக்கும் ஓடுது. அகதா கிறிஸ்டியோடது. பனில அடைபட்ட வீடு, டெலிபோன் லைன் கட், போலீஸ்காரர் பனிச்சறுக்கு கட்டைல வந்து சேர்றார், எல்லாரும் ஹால்ல உக்காந்து ஒருத்தர ஒருத்தர் சந்தேகமா பார்க்கறாங்க. அத ரெண்டு நாள் முன்னாடி மூச்சப் பிடிச்சு உக்காந்து பார்த்துட்டு வந்தா, இங்க ஜன்னலுக்கு வெளிய யாரோ கையால பேப்பர் பனிய அள்ளி வீசறது தெரிஞ்ச உடனே சிரிப்பு தன்னால வருது. அங்க அந்தப் பனி பயமுறுத்துச்சு. இங்க அது ஒரு பை நெறய வெட்டின காகிதம்.

நாடகம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே நாடகம் ஆரம்பிச்சுடுது, இத தெரிஞ்சுக்காம லேட்டா போனவங்க நெறய பேர பார்த்தேன், நீங்க அப்படி பண்ணாதீங்க, இருபது நிமிஷம் முன்னாடி சீட்ல இருங்க. ஆனின்னு ஸ்டேஜ் மேனேஜர், ட்ரெவர்னு லைட் சவுண்ட் பாக்குறவர், ரெண்டு பேரும் செட்ட அவசர அவசரமா சரி பண்ணிட்டு இருக்காங்க. கணப்பு மேல இருக்குற பலகை நிக்க மாட்டேங்குது, மாட்டறாங்க, விழுது, மறுபடி மாட்டறாங்க. ஆடியன்ஸ்ல இருந்து ஒருத்தர மேடைக்கு கூப்பிட்டு அத புடிக்கச் சொல்லிட்டு போயிடறாங்க, அவர் பாட்டுக்கு புடிச்சுட்டு நிக்கிறார். ட்ரெவர் சீட்டு சீட்டா வந்து நாய பார்த்தீங்களான்னு கேக்குறார், நாடகத்துக்கு வேண்டிய நாய் காணாம போச்சாம். அவரோட ட்யூரன் ட்யூரன்ங்கற பாப் குழு சிடி செட்டும் காணோமாம். இந்த சிடி விஷயம் பின்னாடி வரும், எங்கன்னு சொல்ல மாட்டேன். அம்மாவுக்கு இது நாடகமா நெஜமான்னு தெரியாம 'ஏண்டி, காசு வாங்கிட்டு இன்னும் வேலைய முடிக்கலியா இவங்க'ன்னு கேட்டாங்க. நானும் விளக்கம் சொல்லல, அவங்களே கண்டுபிடிக்கட்டும்னு விட்டுட்டேன், அஞ்சு நிமிஷத்துல கண்டுபிடிச்சுட்டாங்க.

அப்புறம் அந்தப் பொணம். கொலைக் கதைல ரொம்ப நம்பிக்கையான ஆள் பொணம்தான், அது பொய் சொல்லாது, எடத்த விட்டு நகராது. இங்க லைட் வரும்போதே செத்தவர் இன்னும் தன் எடத்துக்கு போய் படுக்கல. பாதி வழில மாட்டிக்கிட்டார். அப்புறம் படுத்தா அவர் கைய மிதிக்கிறாங்க, மேல உக்கார்றாங்க, அவர் வலியை அடக்கிட்டு செத்தே கிடக்கணும். ஸ்ட்ரெச்சர்ல தூக்கிட்டு போற சீன்ல ரெண்டு பேர் மூச்சக் குடுத்து தூக்கறாங்க, துணி கிழிஞ்சு பொணம் கீழயே கிடக்கு, கட்டைய மட்டும் தூக்கிட்டு அவ்ளோ கனமா இருக்குற மாதிரி நடிச்சுக்கிட்டே போறாங்க. இப்ப பொணம் என்ன பண்ணும்? செத்தவன் எப்படி மேடைய விட்டு வெளிய போறது? அந்த மனுஷன் தரையோட தரையா நகர்ந்து போற வேகமும், நடுவுல யாராவது பார்த்தா மறுபடி செத்துப் போறதும், இதுக்கு ஒரு வார்த்தை இங்கிலீஷ் தெரிய வேண்டியதில்ல. அம்மா அங்க சிரிக்க ஆரம்பிச்சவங்க இடைவேளை வரைக்கும் நிறுத்தல.

இதுல என்ன அருமைன்னா, மேடைல இருக்குற ஒரு ஆள் கூட காமெடி பண்ண முயற்சி பண்ணல. எல்லாருக்கும் ஒரே குறிதான், இந்த நாடகத்த எப்படியாவது முடிச்சுடணும். நோட்டுக்கு பதிலா கைல பூ ஜாடி வந்துருச்சா, பேனாவுக்கு பதிலா சாவியா, பரவாயில்ல, இன்ஸ்பெக்டர் சாவிய வெச்சு ஜாடி மேல குறிப்பு எழுதறார், முகத்துல துளி சிரிப்பு கிடையாது. விஸ்கிக்கு பதிலா பெயின்ட்ட கரைக்கிற ஸ்பிரிட் பாட்டில் வந்துருச்சா, வசனத்துல 'ஆஹா என்ன அருமையான விஸ்கி'ன்னு இருக்கு, அதனால குடிச்சுதான் ஆகணும். குடிச்சுட்டு துப்பறாங்க, துப்பிட்டு பாராட்டறாங்க. அப்புறம் பட்லரா வர்ற டென்னிஸ் மறந்து போய் முன்னாடி சொன்ன வசனத்தையே திருப்பி சொல்லிடறார், அவர் அத சொன்னா எதிர்ல இருக்குறவரும் பழைய பதிலத்தான் சொல்லியாகணும், கதை பின்னாடி போய் ஒரு வட்டத்துல மாட்டிக்குது. ஒவ்வொரு சுத்துலயும் அந்த ஸ்பிரிட்ட குடிக்கிற எடம் வருது, சுத்து வேகமாகிட்டே போகுது, எப்படி வெளிய வரப் போறாங்கன்னு நமக்கே மூச்சு முட்டுது. நெஜமா சொல்றேன், எந்தக் கொலைக் கதைலயும் எனக்கு இவ்ளோ பதட்டம் வந்ததில்ல.

டென்னிஸ் பத்தி தனியா சொல்லணும். அந்த பாத்திரத்துக்கு கஷ்டமான வார்த்தை வாயில நுழையாது, கைல எழுதி வெச்சிருப்பார், அதப் பார்த்துப் பார்த்து தப்பா படிப்பார். சயனைடுங்கற வார்த்தைய அவர் படிக்கிற விதம். நானும் இந்த ஊருக்கு வந்த புதுசுல இப்படித்தான், எழுத்த பார்த்து ஒரு மாதிரி சொல்லுவேன், ஆபீஸ்ல யாருக்கும் புரியாது, அதனால அவர் ஒவ்வொரு வார்த்தையா தயங்கி நிக்கும்போது எனக்கு அவர கட்டிக்கணும் போல இருந்துச்சு. செத்தவரோட தம்பியா நடிக்கிற மேக்ஸ் இன்னொரு ரகம், அவருக்கு இதான் முதல் மேடை, ஜனங்க சிரிச்சா கைதட்டினா அவருக்கு வாயெல்லாம் பல்லு, நடிப்ப விட்டுட்டு நம்மள பார்த்து சிரிப்பார், சொல்ற ஒவ்வொரு வார்த்தைக்கும் கையால ஒரு அபிநயம் புடிப்பார். ஸ்கூல் ஆண்டு விழால முதல் வரிசைல அம்மாவ பார்த்துட்டு கையாட்டற புள்ள மாதிரியே இருக்கும்.

செட் பத்தி சொல்லாம விட்டா பாவம். இதுல மேல் மாடில ஒரு படிப்பறை இருக்கு, அதுக்குப் போக ஒரு லிஃப்ட். அந்த மாடி கொஞ்சம் கொஞ்சமா சாயுது, மேல ரெண்டு பேர் இருக்காங்க, மேஜை நாற்காலி எல்லாம் சரியுது, அதுல ஒருத்தர் கைல காலுல உடம்புலன்னு எல்லா சாமானையும் புடிச்சுக்கிட்டே வசனத்தையும் விடாம சொல்றார். பார்க்க எல்லாம் தன்னால இடிஞ்சு விழற மாதிரி இருக்கு, ஆனா கொஞ்சம் யோசிச்சா தெரியும், ஒரு பலகை ஒரு நொடி முன்ன பின்ன விழுந்தா நடிகர் மண்டை உடைஞ்சிடும். தப்பா விழறதுக்கு எவ்ளோ சரியா விழணும்! நைஜல் ஹுக்னு ஒருத்தர் வடிவமைச்ச செட் இது, நியூயார்க்ல பிராட்வேல போட்டப்ப 2017ல இதுக்கு பிராட்வே நாடகங்களுக்கான டோனி அவார்டு குடுத்தாங்க, என்னைக் கேட்டா அது செட்டுக்கு குடுத்தது இல்ல, ஒரு நடிகருக்கு குடுத்தது. அந்த வீடும் ஒரு பாத்திரம்தான், அதுக்கும் வசனம் இருக்கு.

இத எழுதினது மூணு பேர், ஹென்றி லூயிஸ், ஜோனதன் சேயர், ஹென்றி ஷீல்ட்ஸ். மூணு பேரும் லண்டன்ல நாடகப் பள்ளில படிச்சவங்க, மிஸ்சிஃப்ங்கறது அவங்க கம்பெனி. 2012 கடைசில இஸ்லிங்டன்ல ஓல்டு ரெட் லயன்னு ஒரு பப்போட சேர்ந்த குட்டி தியேட்டர்ல ஒரு மணி நேர நாடகமா ஆரம்பிச்சது, அப்ப பேரு கூட வேற. 2014 செப்டம்பர்ல டச்சஸுக்கு வந்துச்சு, 2015ல சிறந்த புது காமெடிக்கான ஒலிவியர் அவார்டு (லண்டன் நாடகங்களுக்கு குடுக்கறது). முதல்ல அந்த மூணு பேருமே நடிச்சாங்க, இன்ஸ்பெக்டர், பட்லர், பொண்ணோட அண்ணன்னு. இப்ப நடிகர்கள் மாறிட்டே இருக்காங்க. நான் பார்த்த டீம்ல யாரும் யாருக்கும் சளைச்சவங்க இல்ல.

குறை சொல்லணும்னா, ரெண்டாவது பாதில ஒரு கட்டம் எனக்கு நீளமா பட்டுச்சு. கதாநாயகியா நடிக்கிற சாண்ட்ரா கதவு பட்டு மயங்கிடறாங்க, ஸ்டேஜ் மேனேஜர் ஆனி கைல ஸ்க்ரிப்ட்ட வெச்சுக்கிட்டு அந்த வேஷத்த எடுத்துக்கறாங்க, அது வரைக்கும் அருமை. முதல்ல நடுங்கிட்டு படிக்கிற ஆனிக்கு கொஞ்ச நேரத்துல நடிப்பு ஆசை புடிச்சுக்குது, வேஷத்த திருப்பிக் குடுக்க மாட்டேங்கறாங்க. இந்த மாற்றத்த இன்னும் கொஞ்சம் நின்னு காட்டியிருக்கலாம், ஏன்னா அது நெஜமான ஒரு மனுஷ விஷயம், திரைக்குப் பின்னாடியே இருந்த பொண்ணு முதல் தடவை வெளிச்சத்துல நிக்கிறா. அதுக்கு பதிலா ரெண்டு பேரும் மாத்தி மாத்தி அடிச்சுக்கறதுல போயிடுது, மயங்கறதும் எழுந்துக்கறதும் மூணாவது நாலாவது தடவை வரும்போது எனக்கு சிரிப்பு குறைஞ்சு போச்சு. அம்மா அங்கதான் என் கைய புடிச்சு 'அந்தப் புள்ளைக்கு நெஜமாவே அடிபட்டுருச்சாடி'ன்னு கேட்டாங்க.

இன்னொண்ணு, உள்ள இருக்குற கொலைக் கதை ரொம்ப மெலிசு. யார் கொன்னாங்கன்னு கடைசில சொல்றாங்க, ஆனா அதப் பத்தி யாருக்கும் அக்கறை இருக்காது. டாம் ஸ்டாப்பர்ட் எழுதின 'தி ரியல் இன்ஸ்பெக்டர் ஹவுண்ட்'னு ஒரு நாடகம் 1968லயே மேடை ஏறுச்சு, அதுவும் இதே பங்களா கொலைக் கதைய கிண்டல் பண்றதுதான், ரெண்டு விமர்சகர்கள் ஒரு கொலை நாடகம் பார்க்க உக்காந்திருப்பாங்க, மேடைல ஒரு பொணம் கிடக்கும், வீட்ல யாரும் அத கவனிக்கவே மாட்டாங்க, வேலைக்காரம்மா போனை எடுத்த உடனே இது யாரோட வீடு, என்ன காலம், என்ன நேரம்னு எல்லாத்தையும் ஒப்பிப்பாங்க. அதுல அந்த விமர்சகர்களே கதைக்குள்ள இழுக்கப்பட்டு கொலைல மாட்டறது வரைக்கும் போகும். அது கொலைக் கதை எழுதறவங்களோட பழக்கங்கள கிண்டல் பண்ணுது, படிக்கும்போதே சிரிக்கலாம். இது கொலைக் கதைய நடிக்கிறவங்களோட கஷ்டத்த காட்டுது, பார்த்தாதான் சிரிப்பு. மூளைக்கு வேலை வேணும்னா ஸ்டாப்பர்ட், வயிறு வலிக்க சிரிக்கணும்னா இது. எனக்கு ரெண்டும் வேணும், ஆனா அம்மாவோட போறதுன்னா சந்தேகமே இல்லாம இதுதான்.

கிண்டல்னா இளக்காரம்னு நெனைக்கிறவங்களுக்கு ஒண்ணு சொல்லணும். இந்த நாடகத்த எழுதினவங்க பங்களா கொலைக் கதைய நல்லா ரசிச்சவங்க, அது ஒவ்வொரு சீன்லயும் தெரியுது. எந்த எடத்துல பட்லர் வருவான், எந்த எடத்துல லைட் அணையும், எந்த எடத்துல இன்ஸ்பெக்டர் எல்லாரையும் ஒரே ரூம்ல கூட்டுவார்னு அங்குலம் அங்குலமா தெரிஞ்சாதான் அத இவ்ளோ சரியா உடைக்க முடியும். அதனாலதான் மவுஸ்ட்ராப் பார்த்துட்டு போங்கன்னு சொல்றேன், முடியலன்னா வீட்ல இருந்தபடி ஒரு பழைய பங்களா கொலைப் படமாவது பாத்துட்டு போங்க, சிரிப்பு ரெட்டிப்பா இருக்கும்.

போறவங்களுக்கு சில விஷயம். டச்சஸ் 1929ல திறந்த சின்ன தியேட்டர், ஐநூறு சீட்டுக்குள்ளதான், கீழ் சீட்டுக்கு தெருவுல இருந்து படி இறங்கிப் போகணும், முட்டி வலி இருக்குறவங்க டிக்கெட் போடும்போதே சொல்லி கேட்டுக்கோங்க. சின்னதா இருக்குறதால எங்க உக்காந்தாலும் நடிகர் முகம் தெரியும். நாடகத்துக்கு முந்தின கலாட்டா வேணும்னா கீழ உக்காருங்க, அந்த சாயற மாடி நல்லா தெரியணும்னா மேல. நாங்க கீழ நடுவுல இருந்தோம், எனக்கு திருப்தி. எட்டு வயசுக்கு மேல இருக்குற பசங்க தாராளமா பார்க்கலாம், எங்க முன் வரிசைல ஒரு பையன் சிரிச்சு சிரிச்சு சீட்ட விட்டு நழுவிட்டான். திடீர் சத்தம் ஆகாதவங்க யோசிச்சுக்கோங்க, நெறய சாமான் நெறய சத்தத்தோட விழும். இங்கிலீஷ் சரியா வராத அப்பா அம்மாவ எந்த நாடகத்துக்கு கூட்டிட்டு போறதுன்னு தவிக்கிறவங்க கண்ண மூடிட்டு இதுக்கு போங்க. வசன ஜோக்ல பாதி போச்சுன்னாலும் மீதி எல்லாம் உடம்பால பண்றது.

நாங்க பார்த்தது மத்தியான ஷோ. முடிஞ்சு எல்லாரும் எழுந்து கைதட்டிட்டு கெளம்பிட்டாங்க, அம்மா மட்டும் எந்திரிக்கல. செட் முழுக்க தரைமட்டமா கிடக்கு, கதவு ஒரு பக்கம், ஜன்னல் ஒரு பக்கம். ராத்திரி ஏழரைக்கு மறுபடி ஷோ இருக்குன்னு சொன்னேன். அம்மா அந்தக் குப்பையவே பார்த்துட்டு இருந்துட்டு, 'அதுக்குள்ள இத்தனையும் மாட்டணுமாடி, அந்தப் பலகை வேற நிக்க மாட்டேங்குதே'ன்னாங்க.